ட்ரில் மெஷினுக்கு ஓர் உறை

வேலூரில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்த வாஹித் பாஷா முதலில் கையில் எடுத்தது துப்பாக்கியை அல்ல, பக்கத்தில் கிடந்த அதன் உறையை. தோல் ஊரான ஆம்பூர்க்காரரை எங்கே கொண்டுபோய் விட்டாலும் இதுதான் நடக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவன் போட்டிருக்கும் ஷூவைப் பார்ப்பார். வாஹித் பாஷா உறையை மடக்கினார், நகத்தால் கீறினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"ரெக்சின்," என்றார் முகத்தைச் சுளித்துக்கொண்டு. "இதுக்குள்ள வெச்சா துப்பாக்கிக்கே கேவலம்."

கடைக்காரர் கார்முகிலனுக்கு இது பழகிப்போன தலைவலி. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வந்தாலும் முதலில் உறையைத் திட்டிவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

"சார், கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் குடுத்தது துப்பாக்கிக்கு. அதப் பாக்கலாமா?"

"அதத்தான நானும் சொல்றேன்," என்றார் கூட வந்திருந்த நண்பர் நந்தகோபால். குடியாத்தத்தில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறவர். துப்பாக்கியைப் பற்றி அவருக்கு அணுவளவும் தெரியாது. ஆனால் வாஹித் பாஷா வேன் வாங்கியபோதும் கூடப் போனார், மகள் உமைமாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் கூடப் போனார். இரண்டும் இதுவரை தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருப்பதால் மூன்றாவதற்கும் அவரே துணை.

கார்முகிலன் பச்சைத் துணியை விரித்து இரண்டு ரிவால்வர்களை வைத்தார். ஒன்று முழுக்க எஃகு. நீளக் குழல். கையில் எடுத்தபோது வாஹித் பாஷாவின் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கியது. இன்னொன்று குட்டை. மூக்கைச் சப்பையாக வெட்டிவிட்டது போல் குழல் இரண்டு விரல் நீளம்தான். பின்னால் குண்டைத் தட்டும் சுத்தியல் கூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

"சட்டையில, பனியன்ல மாட்டக்கூடாதுன்னு உள்ளாற மறைச்சிருக்காங்க," என்றார் கார்முகிலன். "இது வேற ஒருத்தர் டெபாசிட் வெச்சிட்டுப் போனது. பாக்கலாம், விக்க முடியாது. புடிச்சிருந்தா உங்களுக்குன்னு ஆர்டர் போட்டு வரவழைக்கணும்."

வாஹித் பாஷா அதைத் தூக்கிப் பார்த்தார். ஒரு ஜோடி லேடீஸ் செருப்பின் கனம் கூட இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"லேசா இருக்குதேன்னு மயங்காதீங்க சார். இடுப்புக்கு சுகம், கைக்கு பேஜாரு. வெயிட்டு கம்மின்னா சுடறப்போ உதை ஜாஸ்தி. குழலும் குட்டை, கொஞ்சம் எட்டி நின்னா குறி தப்பிடும். பெரிசுல ஒரு தடவை பழகுனா இதுல பத்து தடவை பழகணும்."

"உதை கெடக்கட்டும். வெளில தெரியுமா தெரியாதா?"

"சட்டையை வெளில விட்டா தெரியாது."

"கீழ உக்காந்து சாப்பிடறப்போ?"

"பக்கவாட்டுல வெச்சா தெரியாது."

"பிரியாணி சாப்ட்ட அப்புறம்?"

கார்முகிலன் அவர் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கங்க."

"சட்டையைக் கழட்டி ஆணில மாட்டறப்போ?"

"சார், நீங்க சட்டை கழட்டற நேரத்துல கொள்ளைக்காரன் எதுக்கு வர்றான்?"

நந்தகோபாலால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அவரு ஒளிக்கறது கொள்ளைக்காரன்கிட்ட இல்ல சார். வீட்டம்மாகிட்ட!"

உண்மை அதுதான். வாஹித் பாஷாவின் மனைவி நசீமுன்னிசா இந்தப் பேச்சு முதன்முதலில் எழுந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மகள் வயிற்றுப் பேரன் ஒவைஸ் தவழ ஆரம்பித்திருக்கிறான். அவன் திறக்காத இழுப்பறை இல்லை, வாயில் வைக்காத பொருள் இல்லை. "இந்த வீட்டுல அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். அது வந்தா நான் பாகாயத்துல என் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள். வாஹித் பாஷா தலையாட்டிவிட்டு மறுநாளே விண்ணப்பம் போட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரரை வீட்டுப் பக்கமே வரவிடாமல் தன் தோல் யூனிட்டில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நசீமுன்னிசாவிடம் பாஸ்போர்ட் சமாசாரம் என்று ஒரு பொய்.

இவ்வளவு தூரம் போகிற அளவுக்கு அவருக்கு என்ன வந்தது? ஊருக்குத் தெரிந்த கதை ஒன்று, தெரியாத கதை ஒன்று.

வாஹித் பாஷாவின் யூனிட்டில் பெல்ட்டும் பர்ஸும் செய்கிறார்கள்; பெரிய கம்பெனிகளுக்கு ஷூ வேலையும் எடுத்துச் செய்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் வேலையை ஆந்திர எல்லையைத் தாண்டி வி.கோட்டா பக்கத்துப் பெண்களிடம் கொடுப்பது வழக்கம். சனிக்கிழமை தோறும் பேரணாம்பட்டு மலைப்பாதை ஏறிப் போய்க் கூலி கொடுத்துவிட்டு வருவார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு வளைவில் பைக்கைக் குறுக்கே நிறுத்தி இரண்டு பையன்கள் பையைக் கேட்டார்கள். கொடுத்தார். அவ்வளவுதான். "புள்ளைங்க கேட்டுச்சுங்க, குடுத்துட்டேன். ரசீதுதான் வாங்கல," என்று டீக்கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். இது ஊருக்குத் தெரிந்த கதை.

பையைக் கொடுத்த பிறகு, பைக்கில் ஏறப் போனவன் திரும்பி வந்து, எதற்கென்றே இல்லாமல், அவர் இடது கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டுப் போனான். உமைமாவை விடச் சின்னவன். அவனை "தம்பி" என்றுதான் வாஹித் பாஷா கூப்பிட்டிருந்தார். இது யாருக்கும் தெரியாது. போலீஸில் சொல்லவில்லை, நந்தகோபாலிடம் சொல்லவில்லை, நசீமுன்னிசாவிடம் சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் அவர் வேனைத் திருப்பியதும் இல்லை. ரோடு சரியில்லை என்று சொல்லிவிட்டு சித்தூர், பலமநேர் என்று ஊரையே சுற்றிக்கொண்டு போனார். பைக் சத்தம் பக்கத்தில் நின்றாலே இடது கன்னம் சூடேறிவிடும். பை போனது போகட்டும், அந்தச் சூடு போக வேண்டும். இடுப்பில் ஒன்று இருந்தால் போய்விடும் என்று அவர் நம்பினார்.

"சின்னதையே ஆர்டர் போடுங்க," என்றார் கார்முகிலனிடம். பிறகு பையிலிருந்து பழுப்புக் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். சப்பை மூக்கு ரிவால்வரை அதன்மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தார். தடிமனையும் அளந்து ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

"இன்னா சார், செருப்புக்கு அளவு எடுக்கற மாதிரி?"

"அது வர்றதுக்குள்ள உறை ரெடியா இருக்கணும்ல."

துப்பாக்கி இன்னும் கைக்கு வரவில்லை, உறைக்கு அவசரம். தோல்காரர்கள் செய்யக்கூடிய தப்பு இது. மற்றவர்கள் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பார்கள், இவர்கள் முதலில் பந்தலுக்கு ஆர்டர் கொடுத்துவிடுவார்கள்.

ஆம்பூர் வந்ததும் முதல் வேலையாகத் தச்சர் கலீமுல்லாவிடம் காகிதத்தைக் கொடுத்து அதே அளவில் மரத்தில் ஒன்று இழைத்து வாங்கினார். அதை எடுத்துக்கொண்டு சாம்பிள் ரூமுக்குப் போனார். சாம்பிள் ரூமைப் பார்த்துக்கொள்பவள் தீபலட்சுமி.

"தீபா, இதுக்கு ஒரு பவுச்சு வேணும். பேன்ட்டுக்குள்ள சொருகற மாதிரி. நல்ல கெட்டித் தோலாப் போடு."

அவள் மரத்துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னா சார்?"

"ட்ரில் மெஷின்."

"ட்ரில் மெஷினா?"

"சின்ன ட்ரில் மெஷின்."

தீபலட்சுமிக்குக் கண் இல்லையா என்ன? ஆனால் முதலாளி ட்ரில் என்றால் ட்ரில். வேலை மட்டும் அபாரம். மரத்தின் மேல் ஈரத்தோலை அழுத்தி, வடிவம் பிடிக்கவைத்து, இரண்டு வரிசைத் தையல் போட்டு, விளிம்புக்குக் கறுப்பு பூசிக் கொடுத்தாள். வாஹித் பாஷா அதைக் கையில் வாங்கியபோது, ஆர்டர் போட்ட ரிவால்வர் இந்த உறைக்குத் தகுதியாக வந்து சேர வேண்டுமே என்று கவலைப்பட்டார்.

மாலைக்குள் யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் கூடத் துப்பாக்கி என்று வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

"இன்னா பாய், ட்ரில்லு வந்துடுச்சா?" என்றார் டீக்கடையில் ஷபீ அஹமது.

"அடுத்த வாரம்."

"எங்க வீட்டுலயும் செவுத்துல ஒரு ஓட்டை போடணும். வந்ததும் சொல்லுங்க."

டீக்கடையே குலுங்கிச் சிரித்தது. வாஹித் பாஷாவும் சிரித்து வைத்தார். ஒளித்து வைக்க வாங்கும் பொருளைப் பற்றி ஆம்பூரில் தெரியாதவர்கள் இப்போது அவர் வீட்டுக்குள் இருக்கிறவர்கள்தான். நசீமுன்னிசாவுக்குத் தெரியாதவரை சரி.

அதற்காகவே ஒத்திகை ஆரம்பித்தார். உறைக்குள் மரத்துண்டை வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினார். நசீமுன்னிசா டீ கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சட்டை மாற்றும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு வாரம் இப்படி ஓடியதும் அவருக்குத் தைரியம் வந்தது. நந்தகோபாலுக்குப் போன் போட்டு, "பாஸ் ஆயிட்டேன் தோஸ்த்," என்றார்.

அவர் மறந்துபோன ஒன்று இருந்தது. அதுவும் அவரே போட்ட சட்டம். யூனிட்டில் எந்தச் சாம்பிள் செய்தாலும் இரண்டாகச் செய்ய வேண்டும். ஒன்று யூனிட்டில் இருக்கும், ஆர்டர் வந்தால் அதைப் பார்த்துச் செய்ய. மற்றது சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் போகும். ஒற்றையாகச் செய்தவர்களை அவர் திட்டிய திட்டு சாம்பிள் ரூமில் இன்னும் பிரசித்தம். அதனால் தீபலட்சுமி இதையும் இரண்டாகவே செய்தாள். ஒன்று முதலாளி இடுப்பில் இருந்தது. மற்றது, பெல்ட் சாம்பிள்களோடு சேர்ந்து, 'ட்ரில் பவுச்' என்று சீட்டுக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் பறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தார். தரையில் சாப்பாட்டு விரிப்பான தஸ்தர்கானை விரித்து நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள். நால்வரில் ஒவைஸ் மட்டும் உட்காராமல் தட்டுகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தான். கணவன் துபாயில் இருப்பதால் உமைமா பிறந்த வீட்டில் இருந்துகொண்டு யூனிட்டின் மெயில் எல்லாம் பார்க்கிறாள். சாப்பிட்டுக்கொண்டே செல்போனைப் பார்த்தவள் துள்ளினாள்.

"அப்பா! ஜெர்மனிக்காரர் பெல்ட்டை விட அந்த ட்ரில் பவுச்சு நல்லா இருக்குதுன்னு எழுதியிருக்கார்! ஹார்டுவேர் கடைங்கள்ல வித்துப் பாக்கறாராம். எந்த ட்ரில்லுக்குன்னு மாடல் கேக்கறார். இன்னா மாடல்ப்பா?"

வாஹித் பாஷாவின் கை சோற்றில் நின்றது.

நசீமுன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். "ட்ரில்லா? பல்பு மாட்டச் சொன்னாலே எலக்ட்ரீஷியனைக் கூப்புடற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு ட்ரில்லு?"

"அது வந்து... பிசினஸுக்கு..."

"இடுப்புல இருக்கறத எடுங்க."

"எது?"

"ஒரு வாரமா நேரா நிமிந்து உக்காந்து சாப்பிடறீங்களே, அது. நம்ம கல்யாணத்தன்னிக்கு கூட நீங்க இப்படி உக்காரல. முதுகு வலியாக்கும், தோல் பெல்ட்டு கிட்டு கட்டியிருக்காராக்கும்னு நெனச்சேன். எடுங்க!"

எடுத்தார். உறையோடு தஸ்தர்கான் மேல் வைத்தார். பார்த்த மாத்திரத்தில் நசீமுன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்னு சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்தாள். அது மரம், வெறும் மரம் என்று அவர் சொல்ல, மரம் வந்தா இரும்பு வராதா என்று அவள் கேட்க, எனக்குத் தெரியவே தெரியாதும்மா என்று உமைமா நடுவில் புகுந்து சத்தியம் செய்ய, மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள்.

ஒவைஸ் உறையிலிருந்து மரத்துண்டை உருவியிருந்தான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சப்பை மூக்கை வாய்க்குள் விட்டு, புதிதாக முளைத்த பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். எச்சில் ஒழுகியது. எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் அதை வாயில் வைத்தபடியே சிரித்தான்.

உமைமா மெல்ல அதைப் பிடுங்கிக்கொண்டு குழந்தையைத் தூக்கி உள்ளே போனாள். அது மரம்தான், கலீமுல்லா இழைத்த மரம்தான் என்று வாஹித் பாஷா தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் அடுத்து வரப்போவது மரமல்ல. இடுப்பில் எவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்தாலும் ராத்திரி அதைக் கழற்றி எங்கேயாவது வைத்துத்தானே ஆக வேண்டும்? அவ்வளவு நாளும் இந்த ஒரு கேள்வியை அவர் கார்முகிலனிடம் கேட்கவே இல்லை.

நசீமுன்னிசா அதைப் பற்றிப் பேசவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு ஒன்று கேட்டாள்.

"பை போனதுக்கா இது? அன்னிக்கு சிரிச்சுக்கிட்டேதான சொன்னீங்க?"

"பை போனதுக்கு இல்ல."

"பின்ன?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அறைஞ்சுட்டான். பையக் குடுத்த அப்புறம். நம்ம உமைமாவை விட சின்னப் பையன். நான் ஒண்ணுமே பண்ணல நசீமா. தம்பின்னுதான் கூப்ட்டேன். இன்னிக்கும் பைக் சத்தம் கேட்டா இந்த இடது கன்னம் சூடாயிடுது."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பது வயது தாண்டிய மனிதர், கறிக்குழம்பு கையோடு, தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நசீமுன்னிசாவும் அழுதாள். பிறகு கோபம் வந்தது அவளுக்கு.

"இத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு? ஜெர்மனிக்காரனுக்குத் தெரியற விஷயம் எனக்குத் தெரியக்கூடாதா?"

"அவனுக்கு ட்ரில்லுதான் தெரியும்."

"சிரிக்க வெக்காதீங்க. கோவமா இருக்கேன்."

அன்று சாயந்திரம் கார்முகிலன் போன் செய்தார். சரக்கு வருகிற வாரம் வந்துவிடுமாம்.

"வேணாம் சார். வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன் சார், பெரிசாப் பாக்கணுமா? இல்ல, இதை விட சின்னதா?"

"என் பேரன் வாயில நுழையாத சைஸ் உங்ககிட்ட இருக்குதா?" என்றார் வாஹித் பாஷா. கார்முகிலன், வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கடிந்துகொண்டு போனை வைத்தார்.

துப்பாக்கி வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆனால் கன்னத்துச் சூடு அப்படியேதான் இருந்தது. மறுநாள் சனிக்கிழமை. கூலி கொடுக்கப் போக வேண்டும். அவர் வேனை எடுத்தபோது பக்கத்து சீட்டில் நசீமுன்னிசா ஏறி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் கேரியர், கொய்யாக்காய்ப் பை. அவருடைய தோல் உறை அவளுடைய கைப்பையின் வாரில் தொங்கியது.

"நீ எங்க வர்றே?"

"வி.கோட்டா. மலை வழியா."

"சித்தூர் வழியா ரோடு நல்லா..."

"மலை வழியா."

பேரணாம்பட்டு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் வாஹித் பாஷா ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். எந்த இடம், எந்த இடம் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இதோ இந்த வளைவு என்று காட்டிவிட்டு வேகத்தைக் கூட்டப் பார்த்தார்.

"நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கி, சாலையோரம் மரநிழலில் பழைய பெட்ஷீட்டை விரித்தாள். தன் கணவர் அறை வாங்கிய இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தாள். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார். பிறகு அவள் கொய்யாக்காயை நறுக்கி வைத்துவிட்டு, அந்த உறையை எடுத்து உள்ளிருந்து ஒரு சின்ன பாட்டிலை உருவினாள். மிளகாய்த்தூளும் உப்பும்.

"இதுக்கா அந்தப் பவுச்சு?" என்றார் வாஹித் பாஷா.

"கொய்யாக்காய்க்கு. வேற எவனாவது வந்தா, அவனுக்கும்."

அவர் சிரிக்கத் தொடங்கும்போது கீழே வளைவில் பைக் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றது. இரண்டு பையன்கள். பைக் மெதுவாகி, வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இடது கன்னம் குப்பென்று பற்றிக்கொண்டது. நசீமுன்னிசாவின் கை பாட்டில் மூடியின் மேல் இருந்தது.

"இன்னா அங்கிள், வண்டி ரிப்பேரா?" என்றான் பின்னால் இருந்தவன். "மேல ஊருல மெக்கானிக் இருக்கறாரு, கூட்டியாரட்டா?"

வேறு பையன்கள். வாஹித் பாஷா வாயைத் திறந்தார். குரல் வருமோ வராதோ என்று அவருக்கே தெரியவில்லை. வந்தது.

"இல்ல தம்பி. சாப்புட்டுக்கிட்டு இருக்கோம். கொய்யா சாப்புடறீங்களா?"

அந்தத் 'தம்பி' வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூன்று மாதத்துக்கு மேலாக அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டிருக்கவில்லை.

பையன்கள் ஆளுக்கு இரண்டு துண்டு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றார்கள். காரம் ஜாஸ்தி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். பைக் சத்தம் மேலே இரண்டு வளைவு தாண்டி ஓய்ந்தது.

நசீமுன்னிசா கையைத் துடைத்துக்கொண்டு, புறங்கையை அவருடைய இடது கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"இன்னும் சூடா இருக்குதா?"

வாஹித் பாஷா கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அவளிடம் இனி பொய் சொல்வதாக இல்லை.

"இருக்குது," என்றார். "கம்மியாயிடுச்சு."

"அடுத்த சனிக்கிழமையும் வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு கொய்யாக்காயை எடுத்து நறுக்கினாள்.